அரக்குக் கலர் கோட்டு

அக்கா மகளுக்கு நான் முதன்முதலில் செய்துகொடுத்த வேஷம் டாக்டர். அப்பா இறந்த பிறகு அவருடைய வேட்டி ஒன்று கரை கிழிந்து கிடந்தது. கரையை வெட்டி எறிந்தேன். நடுவில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, முன்பக்கத்தை நேராகப் பிளந்து, இரண்டு பக்கமும் ஒரு ஓட்டுத் தையல் போட்டு, ஒரு பாக்கெட்டும் வைத்தேன். கெட்டுப்போன இயர்போன் வயரின் நுனியில் சோடா மூடியைக் கட்டியதும் ஸ்டெதஸ்கோப் ஆகிவிட்டது. மொத்தம் அரைமணி நேர வேலை. அவள் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் மூடியை அழுத்தி, "ஒங்களுக்கு வயித்துல பாப்பா இருக்கு" என்று சொன்னாள். அம்மா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "அடியே, இருந்தா நாளைக்குப் பேப்பர்ல போட்டுருவாய்ங்கடி!"

அப்போது அவளுக்கு நாலரை வயது. திண்டுக்கல்லில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ராத்திரியானால் அம்மா வேண்டும் என்று அழுவாள். அந்த டாக்டர் வேஷம் வந்த பிறகுதான் அழுகை நின்றது. என்னால் அவளை வைத்துக்கொள்ள முடியும் என்று எனக்குத் தைரியம் வந்ததும் அன்றைக்குத்தான்.

அக்காவைச் சித்தையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்கா நூல் மில்லில் வேலை. வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஷிஃப்ட் முடிந்ததும் கொண்டுவந்து விடும். பிள்ளை பக்கத்து வீடுகளில் மாறி மாறிக் கிடந்தாள். நான்தான் கேட்டேன். "எங்கிட்ட விடுக்கா. எங்க ஸ்கூல்லயே யு.கே.ஜி. சேத்துர்றேன். நான் பாத்துக்கிர்றேன்."

அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஒரு வருசம் பாப்போம்டி. யு.கே.ஜி. முடியட்டும். ஒண்ணாப்பு இங்கயா, எங்க ஊர்லயான்னு அப்புறம் சொல்றேன்."

அந்த ஒரு வருடமும் எனக்கு வேறு கவலையே இல்லை. அக்கா கடைசியில் 'இங்கயே இருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் அப்படி ஒரு பிடிவாதம் என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியாது, கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவாள். அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுப் பதினாறு வயதில் மில்லுக்குப் போனாள். நான் எம்.ஏ., பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. அடக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இரண்டு தலைமுறையாகப் படித்த வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். எனக்குப் பிறகும் இந்த வீட்டில் ஒருத்தி வர வேண்டும், அவளை நான் உருவாக்க வேண்டும் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. தப்பு வேறு இடத்தில் நடந்தது.

அக்கா கல்யாணத்துக்குச் சீராக வந்த தையல் மிஷின் எங்கள் வீட்டில்தான் இருந்தது. மில் வேலைக்குப் போகிறவளுக்குத் தைக்க ஏது நேரம் என்று இங்கேயே தங்கிவிட்டது. லீவு நாளில் நான் ஜாக்கெட் தைக்கப் பழகிய மிஷின் அது. பிள்ளை வந்த பிறகு அதில் வேஷம் மட்டும்தான் தைத்தேன். கிழிந்த துணி, பழைய துப்பட்டா, குடைத் துணி எதுவானாலும் மிஷின் மூடியின் மேல் வந்து விழும். மிஷின் மேல் கிடந்தால் அது வெட்டுவதற்கு என்று வீட்டில் ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. அம்மா ஒருநாள் குளிக்கப் போகும்போது உள்பாவாடையை அங்கே போட்டுவிட்டு, பாதிக் குளியலில் ஞாபகம் வந்து, "ஏத்தா, அது என்னோடது, அதுல ராணி கீணி தைச்சுப்புடாத" என்று கத்தினாள்.

கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்கள் வீட்டுக்காரருக்குத் தோல் வியாபாரம். அந்த அக்கா வெட்டி மீந்த தோல் துண்டுகளைப் பையில் போட்டு மேலே கொடுத்துவிடுவார். போலீஸ் பெல்ட்டும் குதிரையின் கடிவாளமும் அதில் வந்தவை. அவர் மகளுக்கு என் அக்கா மகளைவிட ஒரு வயது கூட. இரண்டு பேரும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டு ஹாலை ஆக்கிரமித்துவிடுவார்கள். வெங்காய மூட்டையின் சிவப்பு வலைச்சாக்கு மீன் வால் ஆனது. காய்ந்த வாழைநாரை அட்டையில் வரிசையாக ஒட்டினால் சிங்கப் பிடரி. பசைக்கு மைதா மாவைக் காய்ச்சிக்கொள்வேன். சிமெண்டுப் பையில் மூன்று ஓட்டை போட்டால் ராஜாவின் கவசம். பையை எத்தனை தடவை உதறிக் கழுவினாலும் ராஜா தும்மிக்கொண்டேதான் போருக்குப் போவார்.

ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். வேஷத்தை முழுசாக முடித்துவிடக் கூடாது. பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடக்கும். கடையில் வாடகைக்கு எடுத்த உடுப்பு, மீசை, கிரீடம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். பிள்ளை அதற்குள் மரப்பாச்சி மாதிரி நிற்கும். மேடையில் மூன்று வரி ஒப்பித்துவிட்டு அழும். வீட்டில் விளையாடுவதற்கு அப்படிச் செய்யக் கூடாது. பாதி செய்து விட்டுவிட வேண்டும். ஒரு நீலத் துப்பட்டா காலையில் கடலாக இருந்து மத்தியானம் பாம்பாக வேண்டும். மீதியைப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். பி.எட். படிக்கும்போது இதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கினேன்.

தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். மீனையும் சிங்கத்தையும் அவர்கள் கேட்டதால் செய்துகொடுத்தேன். நானாக உட்கார்ந்து இழுத்துப் பிடித்துத் தைத்தவை டாக்டர், வக்கீல், பைலட், கலெக்டர். குடைத் துணியில் தைத்த வக்கீல் அங்கியைப் பார்த்துவிட்டு அக்காகூடக் கேட்டாள். "ஏண்டி, புள்ளைக்கு வெளாட்டுத் துணி தைக்கிறியா, இல்ல கோர்ட்டுக்கு ஆள் அனுப்புறியா?"

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். பழைய துணி எதுவானாலும் கொண்டுவா என்று நான் சொல்லியிருந்ததால், மில்லில் போட்டுக் கிழிந்த நீலக் கோட்டு, தலையில் கட்டுகிற துணி என்று அவ்வப்போது எடுத்துவந்து மிஷின் மேல் போடுவாள். பிறகு மகளை மடியில் வைத்துக்கொண்டு மில் கதை சொல்வாள். எந்தப் பக்கத்து மிஷினில் நூல் அதிகமாக அறுகிறது, யார் யாரோடு சண்டை, எந்தப் பெண் தூங்கி வழிந்து மாட்டிக்கொண்டாள் என்று விடாமல் பேசுவாள். பிள்ளை வாயைத் திறந்தபடி கேட்கும். நான் பக்கத்து அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சு எனக்கு ரேடியோ மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் காதில் ஏறாது.

ஒருநாள் அக்கா மகள் அந்த நீலத் தலைத்துணியை எடுத்து நெற்றியை மறைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"சித்தி, நான் மில்லுக்குப் போறேன். வேன் வந்துருச்சு."

"அது வேணாம் தங்கம். வா, பைலட் ஆவோம். ஒசரத்துல பறக்கலாம்ல?"

அவிழ்த்து வாங்கிவிட்டேன். இன்னொரு நாளும் கட்டிக்கொண்டு வந்தாள், அன்றும் வாங்கினேன். மூன்றாவது முறை நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே கழற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு என் முன்னால் அந்த விளையாட்டை விளையாடவில்லை. எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துக் கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் மறித்துச் சிரித்தார்.

"டீச்சரம்மா, ஒங்க அக்கா மக எங்க வீட்ல தெனம் மில்லு ஓட்டுறா. எம் மகளுக்கு வேல போட்டுக் குடுத்துருக்கா. தலகாணியப் பிரிச்சு எங்க கிரைண்டருக்குப் பஞ்சு போட்டுட்டாளுக. நாளைக்கு இட்லிக்குப் பதிலா நூலுதான் அவிக்கணும்."

நானும் சிரித்தேன். மேலே வந்து அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மில் கதையெல்லாம் சொல்லியிருப்பாள்.

மாசி மாதம் வந்தது. எங்கள் பள்ளியில் யு.கே.ஜி. முடிக்கிற பிள்ளைகளுக்கு அங்கியும் தொப்பியும் மாட்டிப் பட்டம் கொடுக்கிற மாதிரி போட்டோ எடுப்பார்கள். இப்போது எல்லாப் பள்ளியிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஒத்திகையில் என் அக்கா மகள் தொப்பியைத் தலையில் வைக்கவே விடவில்லை. குஞ்சம் கண்ணில் குத்துகிறது என்று ஒரே அழுகை. மற்ற டீச்சர்கள் முன்னால் எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு அந்த அங்கியின் மேல் தனியாக ஒரு ஆசை உண்டு. என் பட்டமளிப்பு நாளில் அரக்குக் கரை போட்ட அங்கியில் நான் தனியாக நின்றேன். ஒவ்வொருத்தியையும் சுற்றி ஆறு பேர் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல். அக்காவுக்கு ஷிஃப்ட். "லீவு கேட்டேன், குடுக்கல" என்று போனில் சொன்னாள். நான் சரி என்றேன். ஆனால் மறக்கவில்லை. ஒருநாள்தானே, எப்படியாவது வந்திருக்கலாம் என்று அந்த நினைப்பு உள்ளே கிடந்து ஊறிக்கொண்டே இருந்தது.

ஆகவே வீட்டிலேயே ஒரு அங்கி தைத்து விளையாட்டாகப் போட்டுப் பழக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பட்டமளிப்பு விளையாட்டு. எந்தப் பிள்ளையாவது அப்படி ஒரு விளையாட்டைக் கேட்குமா? அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மூன்றாவது ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலை எட்டரை இருக்கும். தலைமுடி ஓரத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. வழக்கத்தைவிட முகம் தெளிவாக இருந்ததை நான் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து மிஷின் மேல் வைத்தாள்.

"அங்கன வச்சுருக்கேன்டி. செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வந்து சொல்றேன். கண்ணு எரியுது."

உள்ளே போய்ப் படுத்தாள். நான் துணியை விரித்துப் பார்த்தேன். அரக்குக் கலரில் ஒரு மில் கோட்டு. முழுக்கை, காலர், பாக்கெட்டில் மில்லின் அடையாளம். மடிப்புக்கூடக் கலையவில்லை. புதுத் துணி வாசம் வந்தது. இதெல்லாம் என் கண்ணில் படாமல் போகவில்லை. ஆம்பளை அளவில் தொளதொளவென்று இருந்ததால், யாருக்கோ கொடுத்து மீந்ததைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டேன். அரக்குக் கலர் என்றதும் மனசு வேறு எங்கேயும் போகவில்லை. கத்தரியை எடுத்தேன்.

அக்கா மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அது மேஸ்திரி கலர். வெட்டலாமா?"

"கலராவது ஒண்ணாவது. மில்லுத் துணிதானே? தள்ளி நில்லு, கத்திரி பட்டுரும்."

முதலில் காலரைப் பிரித்தேன். கைகள் இரண்டையும் முழங்கைக்கு மேலே வெட்டி, அகலமாக விரிய வேண்டும் என்று அடியில் முக்கோணத் துண்டு வைத்தேன். முதுகுப் பக்கத்தைச் சுருக்கி, கீழே ஒரு சாண் கத்தரித்தேன். காலர் துணியையும் கத்தரித்த துண்டையும் அட்டையில் மைதாப் பசை போட்டு இழுத்து ஒட்டித் தொப்பி செய்தேன். குஞ்சத்தைச் சின்னதாக, கண்ணில் படாதபடி வைத்தேன். அதைச் செய்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கெல்லாம் பட்டமளிப்பு விழா தொடங்கிவிட்டது. கீழ்வீட்டு அக்காவின் மகள்தான் கவர்னர். பேப்பரைச் சுருட்டி ரப்பர்பேண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தாள். அக்கா மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள். அங்கியின் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தேன். தொப்பி வைத்தபோது அழவில்லை. சிரிக்கவும் இல்லை. நான் போனைப் பிடித்து, "சிரி தங்கம், இங்க பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா தலைமுடியை முடிந்துகொண்டே அறையிலிருந்து வந்தாள்.

"அக்கா, ஒம் மகளப் பாரு."

பார்த்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு. பிறகு பார்வை மகளின் நெஞ்சில், பாக்கெட்டில் இருந்த அடையாளத்தில் நின்றது. அங்கிருந்து மிஷின் மூடிக்குப் போனது. மிஷின் அடியில் கிடந்த இரண்டு அரைக் கைகளுக்குப் போனது.

"இது எந்தத் துணிடி?"

"நீ கொண்டாந்ததுதான்."

அக்கா குனிந்து ஒரு கையை எடுத்தாள். அதைத் தன் கையோடு வைத்து நீட்டிப் பார்த்தாள். "கையி நீளமா இருக்கு, தோளுகிட்டயும் செத்த புடிச்சுக் குடுன்னு கேக்கலாம்னு வச்சேன்டி. பொம்பளைக்கு அளவே இல்லேன்னுட்டாய்ங்க. இந்தக் கலர்ல ஆம்பளைக அளவுதான் இருக்குன்னாய்ங்க."

"யாருக்குப் புடிக்கணும்?"

"எனக்குத்தான்."

"நீ நீலம்தானே போடுவ?"

"நேத்து வரைக்கும்."

நாற்காலி மேல் நின்ற பிள்ளை சொன்னாள். "நான் சொன்னேன்ம்மா, மேஸ்திரி கலர்னு. சித்திதான் பரவால்லன்னாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மில்லில் புதுசாகச் சேருகிறவர்களுக்கு ஒரு கலர், மிஷின் ஓட்டுகிறவர்களுக்கு நீலம், அவர்களை மேய்க்கிற மேஸ்திரிக்கு அரக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தெரியும். வாரா வாரம் பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியாது. அக்காவின் ஷிஃப்ட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தக் கலரைப் போட்டதில்லை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன்னால் எங்களிடம் காட்டி, நான் அளவாகப் பிடித்துக் கொடுத்ததைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறாள்.

"நீ முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?" என்றேன். என் குரல் ஏறிவிட்டது. தப்பு செய்தால் எனக்குக் குரல் ஏறும்.

"எந்திரிச்சு வந்து சொல்றேன்னு சொன்னேன்ல."

"சரி, குடு, நான் தைச்சுத் தாரேன்."

உண்மையிலேயே உட்கார்ந்தேன். ஒரு கையை எடுத்து வெட்டிய இடத்தில் வைத்து ஓட்டினேன். முழங்கைக்கு மேல் தையல் மொத்தையாகத் தடித்து நின்றது. காலர், பசையில் ஊறி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் நைந்து வந்தது. அக்கா நின்று பார்த்துவிட்டு, "விடுடி" என்றாள்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். காலில் விழுந்திருந்தாலும் தப்பில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தாமல் நின்றாள்.

"ஒரு கோட்டுதானக்கா? நாளைக்குப் போயி வேற கேட்டு வாங்கிக்க."

"இத வாங்க எனக்குப் பதினஞ்சு வருசம் ஆச்சுடி."

"அதுக்காக? மேஸ்திரின்னா என்ன பெரிய கலெக்டர் உத்தியோகமா? அதே பஞ்சுதான, அதே தூசிதான?"

கீழ்வீட்டுப் பெண் பட்டச் சுருளை நாற்காலி மேல் வைத்துவிட்டு மெல்லப் படியிறங்கிப் போய்விட்டாள். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள்.

அக்கா தன் மகளிடம் போனாள். தொப்பியை எடுத்தாள். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உதட்டில் வைத்துக்கொண்டாள். அங்கியை உருவி, வெட்டிய கைகளையும் எடுத்து, புதுத் துணியை மடிக்கிற மாதிரியே நிதானமாக மடித்தாள். உதட்டிலிருந்த ஊக்குகளை என் கையில் கொடுத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இவ துணிமணியெல்லாம் எடுத்து வைம்மா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அக்கா, இன்னும் ஒரு மாசம் இருக்கு. பரிச்ச இருக்கு."

"யு.கே.ஜி.க்கு என்னடி பரிச்ச?"

"ஒண்ணாப்புக்கு சீட்டு சொல்லி வச்சிருக்கேன். அங்க போயி என்ன படிப்பா? கோவத்துல அவ வாழ்க்கையக் கெடுக்காத."

"கோவம் இல்ல. நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட, இல்லேங்கல. சோறு, துணி, படிப்பு எதுலயும் கொற வைக்கல. ஆனா ஒங்கிட்ட வளந்தா நாளைக்கு இவளும் இதையேதான் எங்கிட்டக் கேப்பா. என்ன பெரிய உத்தியோகம்னு. ஒருத்தி கேட்டதே போதும்டி எனக்கு."

கையிலிருந்த ஊக்குகளை மிஷின் மேல் வைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். வேஷத் துணிகள் இருந்த பையை நான் கொடுத்தேன். அக்கா, "பஸ்ஸுல எடம் இருக்காது" என்றாள். பிள்ளை என்னையும் பையையும் பார்த்தாள். வேண்டும் என்று கேட்கவில்லை. என்னிடம் கேட்காமல் இருக்க அவளை நானே பழக்கிவைத்திருந்தேன். அவர்கள் போன பிறகு அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டபடி, "ஒனக்கு மூளைய விட வாயிதான்டி நெறையப் படிச்சிருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை அக்கா நீலக் கோட்டிலேயே மில்லுக்குப் போனாள். கோட்டு எங்கே என்று கேட்டதற்கு, அளவு பிடிக்கக் கொடுத்தேன், டெய்லர் கெடுத்துவிட்டான் என்று சொன்னாளாம். வேறு கோட்டு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மேஸ்திரி வேலையை நீலத்தில் நின்றே பார்த்திருக்கிறாள். அங்கே கலரைப் பார்த்துத்தான் சொன்ன பேச்சைக் கேட்பார்கள். ஒரு ஃபிட்டர் எல்லார் முன்னாலும், "என்ன மேஸ்திரியம்மா, மாறுவேசத்துல வந்துருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறான். இதெல்லாம் அம்மா மூலமாக என் காதுக்கு வந்தவை. அக்கா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போதாவது கேட்டிருக்கலாம்.

பள்ளி ஆபீசில் ஒன்றாம் வகுப்புக்கு எடுத்துவைத்த விண்ணப்பத்தை என் கையாலேயே திருப்பி வாங்கினேன். என்ன காரணம் என்று கிளார்க் கேட்டார். குடும்பத்தில் ஊர் மாறுகிறார்கள் என்றேன். பட்டமளிப்பு நாளில் மற்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தொப்பி மாட்டிவிடுகிற வேலை எனக்கு விழுந்தது. மாட்டினேன். நாலைந்து பிள்ளைகள் குஞ்சம் குத்துகிறது என்று அழுதன. நான் சமாதானம் சொல்லவில்லை.

இப்போதும் சொல்கிறேன். அந்த ஊர்ப் பள்ளியைவிட இங்கே அவளுக்கு நல்ல படிப்பு கிடைத்திருக்கும். அது பொய்யில்லை. நான் சொன்னது சரியாகவே இருந்தும் அந்தச் சரியை எடுத்துக்கொண்டு அக்கா முகத்தில் விழிக்க முடியாமல் போய்விட்டது. அக்கா என்னோடு சண்டை போடவில்லை. போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டியா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினியா என்று கேட்பாள். மில்லைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். நானே தயங்கித் தயங்கி, "வேலையெல்லாம் எப்படிக்கா போகுது?" என்று கேட்டால், "ஓடுது" என்பாள். வாரா வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்த கதை எல்லாம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோகும்.

காலாண்டு லீவில் ஒருநாள் செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிச் சித்தையன்கோட்டைக்குப் போனேன். இரண்டாம் வகுப்புக்காவது என்னிடம் விடுவாளா என்று கேட்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து எப்படித் தொடங்குவது, எதைச் சொல்லக் கூடாது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வகுப்பு எடுப்பதற்குக்கூட நான் அப்படித் தயார் செய்ததில்லை.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அக்கா ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலுக்குப் பக்கத்துச் சந்தில் அக்கா மகள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரோடு விளையாடிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். பள்ளிச் சீருடைப் பாவாடை, அதன் மேல் ஒரு பழைய டி-சர்ட். வேஷம் என்று ஒன்றும் இல்லை. தலையில் துணிகூட இல்லை. சந்தின் இரண்டு பக்கச் சுவரையும் மிஷின்களாக வைத்துக்கொண்டு நடுவில் வேகமாக நடந்தாள். இரண்டு அடிக்கு ஒருதரம் நின்று, சுவரில் இல்லாத நூலை விரலால் எடுத்து, இன்னொரு நுனியோடு வைத்து ஒரு திருகு திருகிவிட்டு, அடுத்ததற்குப் போனாள். மற்ற இரண்டு பேரும் அவள் சொன்ன இடத்தில் நின்றார்கள்.

"ஏய், அங்கிட்டு ரெண்டு அறுந்துருக்கு பாரு. தூங்கிக்கிட்டா இருக்க?" அக்காவின் குரலை அப்படியே வைத்திருந்தாள்.

நான் சந்துக்குள் இரண்டடி வைத்துக் கையை நீட்டினேன். "தங்கம்."

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா தூங்குறாங்க சித்தி, சத்தம் போடாதீங்க. நடுவுல நிக்காதீங்க, அறுந்துரும்."

நான் சுவரோரமாக ஒதுங்கினேன். "அங்கயும் நிக்கக் கூடாது, அங்க மிஷினு ஓடுது" என்றாள். சந்தை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றேன். அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா எழும்வரை இருந்து கேட்டிருக்கலாம். கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, கேட்காமலே அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.